கடத்துக்கு முன்வரிசை தந்த ‘சக்தி’

காலை எட்டு மணி வாக்கில் முலுண்டிலிருந்து தாதர் பக்கம் போகும் லோக்கலில் ஏறுகிறவர்களுக்கு பஜனை கோஷ்டியைத் தெரியாமல் இருக்காது. ஒருவர் கையில் ஜால்ரா. இன்னொருவர் பெட்டியின் தகரச் சுவரில் விரலால் தாளம் போடுவார். டோலக் வந்தால் டோலக், வராத நாளில் டிபன் டப்பா. பாண்டுப் தாண்டுவதற்குள் பாட்டு சூடு பிடித்துவிடும். காட்கோபரில் கூட்டம் நெருக்கித் தள்ளும்போது பாடுகிறவர் குரல் அமுங்கிப் போனாலும் தாளம் நிற்காது. இந்த வாத்தியத்துக்கு இந்த இடம்தான் என்று அங்கே யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

மேடைக் கச்சேரியில் அப்படி இல்லை. நடுவில் பாடகர். அவருக்கு ஒரு பக்கம் வயலின், மறு பக்கம் மிருதங்கம். கடமோ கஞ்சிராவோ மோர்சிங்கோ இருந்தால் சற்றுப் பின்தள்ளி உட்கார வேண்டியதுதான். அவற்றுக்கு உபபக்கவாத்தியம் என்று பெயர். பக்கவாத்தியத்துக்கும் பக்கவாத்தியம் என்று பொருள். சபாவுக்குப் பணம் போதவில்லை என்றால் முதலில் நிறுத்தப்படுகிறவர் கடக்காரர்தான். தனி ஆவர்த்தனம் வந்தால்தான் அவர் வாய் திறக்க முடியும், அதுவும் மிருதங்கக்காரர் விட்டுக் கொடுத்தால்.

இப்படிப் பின்வரிசையில் இருந்த மண்பானை, கிதாருக்கும் வயலினுக்கும் தபலாவுக்கும் சரிசமமாக முன்வரிசையில் உட்கார்ந்து உலகம் சுற்றி வந்த கதை ஒன்று உண்டு. அந்தக் கோஷ்டியின் பெயர் ‘சக்தி’. மாஹிம் பையன் ஒருவர் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். செம்பூர் பையன் ஒருவர் பிற்காலத்தில் அதற்குக் குரலாக இருந்தார். ஆகவே இது நம் பம்பாய்க்கும் சொந்தமான கதை.

பொட்டைக் காட்டில் போட்ட விதை

1975-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் தேதி. அமெரிக்காவில் நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் சவுதாம்ப்டன் கல்லூரி. அங்கே ஐந்து பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். கிதாருடன் ஜான் மெக்லாலின் என்ற ஆங்கிலேயர். வயலினுடன் எல்.சங்கர். தபலாவுடன் ஜாகிர் உசேன். மிருதங்கத்துடன் ராமநாதபுரம் வி.ராகவன். கடத்துடன் டி.எச்.விநாயக்ராம். அன்று அவர்கள் வாசித்ததை அப்படியே ஒலிப்பதிவு செய்து, அடுத்த ஆண்டு இசைத்தட்டாக வெளியிட்டார்கள்.

ஜாஸ் என்றால் டிரம்பெட், சாக்சபோன், பியானோ, அடிக்க ஒரு டிரம் செட், அடியில் உறுமுவதற்கு ஒரு பெரிய பேஸ் என்றுதான் பழக்கம். நாலைந்து பேர் ஒரு கூடத்தில் உட்கார்ந்து, கத்தாமல், ஒருவரை ஒருவர் கேட்டுக் கேட்டு வாசிக்கும் வகையை சேம்பர் ஜாஸ் என்பார்கள். அந்த வகையிலும் டிரம் செட் இல்லாவிட்டால் பேஸ், பேஸ் இல்லாவிட்டால் பியானோ என்று ஏதாவது ஒன்று இருக்கும். ‘சக்தி’யில் மூன்றும் இல்லை. மின்சாரக் கிதாரும் இல்லை. அடிநாதம் வேண்டுமென்றால் தபலாவின் இடது கை பாயாவும், பானையின் வாயை வயிற்றில் அழுத்தித் திறந்து மூடி எழுப்பும் கும்கியும்தான்.

மெக்லாலின் அப்போது சாதாரண ஆள் அல்ல. 1942-ல் யார்க்ஷயரில் டான்காஸ்டர் என்ற ஊரில் பிறந்தவர். ஜாஸ் உலகின் பெரிய தலையான மைல்ஸ் டேவிஸோடு 1969-ல் வாசித்தவர். 1971-ல் ‘மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா’ என்று சொந்தக் கோஷ்டி தொடங்கினார். மகாவிஷ்ணு என்பது அவருடைய குரு ஸ்ரீ சின்மய் அவருக்கு வைத்த பெயர். மின்சாரக் கிதார், இடி போன்ற டிரம், காதைப் பிளக்கும் ஒலிபெருக்கி. கூட்டம் அலை மோதியது. இசைத்தட்டு நன்றாக விற்றது.

ஓடுகிற வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போகிறேன் என்று சொன்னால் யார்தான் ஒப்புக்கொள்வார்கள்? மெக்லாலின் அதைத்தான் செய்தார். இசைத்தட்டுக் கம்பெனிக்கு அதில் உற்சாகம் இல்லை. பழைய தட்டுகள் விற்ற அளவுக்கு ‘சக்தி’ தட்டுகள் விற்கவும் இல்லை. சத்தத்துக்காக வந்த பழைய ரசிகர்களில் பலர் இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான் விசேஷம்.

வீணை கற்ற வெள்ளைக்காரர்

மெக்லாலின் நம் சங்கீதத்தை மேலோடு தொட்டுப் பார்த்தவர் அல்ல. கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்லியன் பல்கலைக்கழகம் இருக்கிறது. கர்நாடக சங்கீதத்தைப் பாடமாக வைத்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் அது முக்கியமானது. அங்கே டாக்டர் எஸ்.ராமநாதனிடம் அவர் வீணை கற்றார். மிருதங்கம் ராகவன் அங்கே ஆசிரியர். எல்.சங்கர் அங்கேதான் 1974-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

சங்கரின் குடும்பக் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தகப்பனார் வி.லட்சுமிநாராயணன் யாழ்ப்பாணத்தில் சங்கீத ஆசிரியராக இருந்தவர். பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். 1958-ல் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம் மூண்டது. குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்து சேர்ந்தது. அப்போது சங்கருக்கு வயது எட்டு. பிழைக்க வந்த ஊரில் கையில் மிச்சமிருந்த சொத்து வயலின்தான். எல்.வைத்தியநாதன், எல்.சுப்பிரமணியம், எல்.சங்கர் மூவரும் சேர்ந்து வயலின் வாசித்துப் பெயர் எடுத்தார்கள். வைத்தியநாதன் பின்னால் ‘மால்குடி டேஸ்’ தொலைக்காட்சித் தொடருக்கு இசை அமைத்தவர். சுப்பிரமணியமும் உலகம் அறிந்த வித்வான். ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு இந்தக் கதையில் விளக்கம் தேவைப்படாது.

ஜாகிர் உசேன் மாஹிமில் வளர்ந்தவர். உஸ்தாத் அல்லா ரக்காவின் மகன். மாஹிம் செயின்ட் மைக்கேல் பள்ளியில் படித்தவர். இந்துஸ்தானிக்காரராக இருந்தும் தெற்கத்தித் தாளக் கணக்கில் அவருக்கு அலாதிப் பிரியம். வடக்கத்தித் தபலாவும் தெற்கத்தி மிருதங்கமும் கடமும் ஒரே மேடையில் கலந்து வாசிப்பது அந்த நாளில் அபூர்வம். சென்னையிலும் பம்பாயிலும் நடக்காமல் இருந்த அந்தச் சந்திப்பு அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் நடந்தது. நம்மை நாமே பார்த்துக்கொள்ள ஒரு வெள்ளைக்காரர் நடுவில் வேண்டியிருந்தது என்று வருத்தப்படவும் இடம் இருக்கிறது.

தூத்துக்குடியில் தொடங்கிய கை

விநாயக்ராமை ரசிகர்கள் ‘விக்கு’ என்று செல்லமாக அழைப்பார்கள். 1942-ல் சென்னையில் பிறந்தவர். தகப்பனார் டி.ஆர்.ஹரிஹர சர்மா தாள வாத்திய ஆசிரியர். 1958-ல் ‘ஸ்ரீ ஜய கணேஷ் தாள வாத்திய வித்யாலயா’ என்று சென்னையில் பள்ளி தொடங்கியவர். விக்கு 13 வயதில் தூத்துக்குடியில் வி.வி.சடகோபன் கச்சேரியில் கடம் வாசித்து அரங்கேறினார். 1966-ல் எம்.எஸ்.சுப்புலட்சுமி ஐ.நா. சபையில் பாடியபோது கூடப் போன கடம் இவருடையதுதான். ஆக, அமெரிக்கா அவருக்குப் புதிது இல்லை. பிற்பாடு கலிபோர்னியாவில் பாடம் சொல்லிக் கொடுக்கப் போனவர், ‘சக்தி’யில் சேர்ந்தார்.

கடம் வெறும் பானை அல்ல. தாராவி கும்பார்வாடாவில் அடுக்கி வைத்திருக்கும் தண்ணீர்ப் பானையைத் தட்டிப் பார்த்தால் ‘டப்’ என்று ஓய்ந்துவிடும். கடத்தின் சுவர் அதைவிடக் கனமானது. சுற்றிலும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஈர மண்ணை வெளியே பலகையாலும் உள்ளே கல்லாலும் தட்டித் தட்டி இறுக்கி, பதமாகச் சுட வேண்டும். மானாமதுரைக் கடம் இதில் பேர் போனது. சென்னைக் கடம் எடை குறைவு, நாதமும் வேறு. சூளையிலிருந்து வந்த பிறகு சுருதியைப் பெரிதாக மாற்ற முடியாது. பாடுகிறவர் சுருதிக்குத் தகுந்த பானையைத்தான் தேடி எடுக்க வேண்டும். அதனால் கடக்காரர் வீட்டில் பானைகள் வரிசையாக இருக்கும். கீழே விழுந்தால் ஒட்டுப் போடவும் முடியாது. இத்தகைய சாமானைக் கட்டித் தூக்கிக்கொண்டு கண்டம் விட்டுக் கண்டம் போவது எவ்வளவு பாடு என்று, ரயிலில் ஊறுகாய் ஜாடி கொண்டு வந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

‘சக்தி’யில் கடம் உபபக்கவாத்தியம் இல்லை. பின்னால் போய் உட்கார வேண்டியதும் இல்லை. நால்வரில் ஒருவர். கிதார் ஒரு கணக்கை வீசினால் கடம் பதில் சொல்லும். தபலா ஒன்று சொன்னால் கடம் அதை மடக்கித் திருப்பும். சென்னை மேடையில் சில நிமிடமே கிடைத்த வாய்ப்பு, இங்கே கச்சேரி முழுக்கக் கிடைத்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டியது ஒரு மண்பானைக்கும் சேர்த்துத்தான்.

அதே காலத்தில் சென்னைப் பள்ளியில் இன்னொரு காரியமும் நடந்தது. சுகன்யா என்ற பெண் மிருதங்கம் படிக்க வந்தவர், கடம்தான் வேண்டும் என்றார். பெண் பிள்ளைக் கைக்கு அது கடினம் என்று விக்கு தயங்கினார். அவர் அமெரிக்காவில் இருந்த சமயம் பார்த்து ஹரிஹர சர்மா தாமே அந்தப் பெண்ணுக்குக் கடம் கற்றுக் கொடுத்துவிட்டார். சுகன்யா ராம்கோபால் என்று பின்னாளில் புகழ் பெற்ற கட வித்வாம்சினி அவர்தான்.

வளையாத கிதார் வளைந்தது எப்படி?

நம் சங்கீதத்துக்கு உயிர் கமகம். சுரத்தை நிறுத்தி வைக்காமல் அசைத்து, இழுத்து, வழுக்க வேண்டும். வயலினில் மெட்டு இல்லை, ஆகவே விரல் தாராளமாக வழுக்கும். வீணையில் மெழுகின் மேல் உயரமாக மெட்டுகள் இருக்கின்றன. தந்தியை ஒதுக்கி இழுக்கலாம். கிதாரில் மெட்டுகள் குட்டையாகப் பலகையோடு ஒட்டிக் கிடக்கும். சுரம் நின்ற இடத்தில் நிற்கும்.

மெக்லாலினுக்காக ஏபிரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் ஒரு கிதார் செய்தார். மெட்டுக்கும் மெட்டுக்கும் நடுவே பலகையைப் பள்ளமாகக் குடைந்துவிட்டார். விரல் கட்டையில் முட்டாது. தந்தியை அழுத்தியும் இழுத்தும் சுரத்தை அசைக்கலாம். வழக்கமான ஆறு தந்திக்குக் கீழே குறுக்காக இன்னும் ஏழு தந்தி. அவற்றை வாசிப்பதை விட, ராகத்துக்குத் தகுந்தபடி சுருதி சேர்த்து வைப்பதுதான் முக்கிய வேலை. மேலே ஒரு சுரம் விழுந்தால் கீழே அதற்கு இசைவான தந்தி தானாக ரீங்கரிக்கும். சிதாரில் உள்ள தரப் தந்திகளும் இப்படித்தான் வேலை செய்கின்றன.

இது நம் சங்கீதத்தைக் கெடுக்கும் கலப்படம் என்று முகம் சுளித்தவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அவர்கள் பேச்சில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ‘சக்தி’யின் வேகத்தைப் பார்த்துவிட்டு, வேகம் மட்டுமே சங்கீதம் என்று எண்ணிக்கொண்டு பின்னால் கிளம்பிய கோஷ்டிகள் ஏராளம். ஆனால் வயலினே நமக்கு வெளியிலிருந்து வந்ததுதானே? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரரிடம் கற்று நம் மேடைக்குக் கொண்டு வந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரியை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

‘சக்தி’க்கு முன்னாலும் முயற்சிகள் இருந்தன. கல்கத்தாவில் பிறந்த ஜான் மேயர் 1966-ல் லண்டனில் ஜாஸ்காரர்களையும் இந்திய வாத்தியக்காரர்களையும் சேர்த்து ‘இண்டோ ஜாஸ் சூட்’ போட்டார். அதில் இரண்டு கோஷ்டிகள் எதிரும் புதிருமாக உட்கார்ந்தது போல ஒலிக்கும். ‘சக்தி’யில் அந்தக் கோடு தெரியாது.

முதல் இசைத்தட்டில் மூன்றே உருப்படிகள். ‘ஜாய்’ சுமார் 18 நிமிடம். ‘லோட்டஸ் ஃபீட்’ ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. புதிதாகக் கேட்கிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். மூன்றாவது ஏறக்குறைய அரை மணி. 1977-ல் வந்த ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’யில் முதல் உருப்படியே வாயால் சொல்லும் சொற்கட்டோடு, அதாவது நம் கொன்னக்கோலோடு, தொடங்குகிறது. அதே ஆண்டில் ‘நேச்சுரல் எலிமெண்ட்ஸ்’ வந்தது. அதில் உருப்படிகள் சுருங்கிவிட்டன. ரேடியோவில் போடுவதற்கு வசதியாக இருந்திருக்கலாம். கச்சேரியில் பிறந்த முதல் தட்டின் கதகதப்பு அதில் இல்லை. 1978-ல் கோஷ்டி கலைந்தது.

செம்பூர் குரல்

1997-ல் மெக்லாலினும் ஜாகிரும் விக்குவும் மறுபடி கூடினார்கள். ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலும் சேர்ந்தது. சங்கர் அதில் இல்லை. பெயர் ‘ரிமெம்பர் சக்தி’ என்று ஆயிற்று. பிறகு விக்குவின் இடத்துக்கு அவர் மகன் வி.செல்வகணேஷ் வந்தார், கஞ்சிராவோடு. உடும்புத் தோலில் ஒரே ஒரு கை வாசிக்கும் சின்னஞ்சிறு வாத்தியம். அதுவும் பின்வரிசை ஜாதிதான். மாண்டலின் யு.ஸ்ரீனிவாஸ் வந்தார். கமகமே வராது என்று சொல்லப்பட்ட மாண்டலினைக் கர்நாடக மேடையில் சிறு பையனாக ஜெயித்துக் காட்டியவர்.

அடுத்து வந்தவர் சங்கர் மகாதேவன். 1967-ல் செம்பூரில் பிறந்தவர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். சிறு வயதில் வீணை, பிறகு டி.ஆர்.பாலாமணியிடம் கர்நாடக சங்கீதம், ஸ்ரீநிவாஸ் களேயிடம் மராத்திப் பாட்டு. கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் முடித்து வேலையிலும் இருந்தவர். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுப் பாட்டுக்கு வருவது என்றால் நம் வீடுகளில் என்ன பேச்சு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1998-ல் ‘பிரெத்லெஸ்’ பாட்டு அவரை நாடெங்கும் கொண்டு போனது. 2000-ல் வந்த ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படப் பாட்டுக்குத் தேசிய விருது வாங்கினார்.

2000 டிசம்பரில் பம்பாயில் ‘ரிமெம்பர் சக்தி’ கச்சேரி நடந்தது. அது ‘சாட்டர்டே நைட் இன் பாம்பே’ என்ற பெயரில் 2001-ல் ஆல்பமாக வந்தது. அன்று சிவகுமார் சர்மாவின் சந்தூர் இருந்தது. ஏ.கே.பழனிவேலின் தவில்கூட இருந்தது. கோயில் பிரகாரத்திலும் கல்யாண வீட்டிலும் முழங்கும் தவில், மெக்லாலினின் கிதாரோடு சேர்ந்தது. செம்பூர்க்காரர் அதில் பாடியது என்ன தெரியுமா? பங்காள ராகத்தில் தியாகராஜரின் ‘கிரிராஜ சுதா’. மாட்டுங்காவில் எத்தனையோ பிள்ளையார் சதுர்த்திக்குக் கேட்ட கிருதி. ஆங்கிலேயர் ஒருவர் அதற்குக் கிதாரில் பின்தொடர்ந்து போவதைக் கேட்க வேண்டும்; அடக்கமாக, பாட்டுக்கு வழி விட்டு வாசிக்கிறார்.

குறை சொல்ல வேண்டுமென்றால் ஒன்று உண்டு. பிந்திய கச்சேரிகளில் கேள்வி-பதில் வாசிப்பு சில சமயம் நீண்டுவிடும். கைதட்டல் வர வர இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று. பழைய தட்டில் அந்த அவசரம் கிடையாது.

காலியான இடங்கள்

2014 செப்டம்பர் 19-ல் மாண்டலின் ஸ்ரீனிவாஸ் காலமானார். வயது 45. கோஷ்டி மௌனமானது. பல ஆண்டுகளுக்குப் பின், வயலினோடு கணேஷ் ராஜகோபாலன் சேர, பழைய ‘சக்தி’ என்ற பெயரிலேயே மீண்டும் எழுந்தது. கணேஷ்-குமரேஷ் சகோதரர்களில் மூத்தவர் அவர். 2023-ல் ஐம்பதாவது ஆண்டுச் சுற்றுப் பயணம் நடந்தது. அந்த ஜூனில் ‘திஸ் மொமென்ட்’ ஆல்பம் வந்தது. 2024 பிப்ரவரி 4-ல் அதற்குக் கிராமி விருது கிடைத்தது. ஐவரில் மூவர் தமிழ் பேசுகிறவர்கள். ஜாகிருக்கு அன்று ஒரே இரவில் மூன்று கிராமி.

அதே ஆண்டு டிசம்பர் 15-ல் சான்பிரான்சிஸ்கோவில் ஜாகிர் உசேன் கண் மூடினார். வயது 73. 1975-ல் சவுதாம்ப்டனில் உட்கார்ந்த நாளிலிருந்து கடைசிப் பயணம் வரை, மெக்லாலினோடு விடாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். கிதாருக்குப் பக்கத்தில் அந்த இடத்தில் வேறு யாரையும் வைத்துப் பார்க்க ரசிகர் மனம் இடம் கொடுக்கவில்லை.

சென்னையில் ஹரிஹர சர்மா தொடங்கிய பள்ளியில் பாடம் கேட்டவர்கள் பல நாடுகளில் வாசிக்கிறார்கள். விக்குவுக்கு 2002-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவரும், மகன் செல்வகணேஷும், பேரன் சுவாமிநாதனும் மூன்று தலைமுறையாக ஒரே மேடையில் உட்கார்ந்து கச்சேரி செய்தார்கள். பாடகர் கிடையாது, வயலின் கிடையாது. கடமும் கஞ்சிராவும்தான் கச்சேரி. மேடைக்கு நடுவில் பானை.